எதிர்த்து ஒருவரும் இல்லை

வைத்தியலிங்கம் அன்றைக்குத் தன் ஆசிரியையிடம் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வரவில்லை. கையெழுத்து வாங்க வந்தார்.

சீடருக்கு வயது ஐம்பத்தேழு. ஆசிரியைக்கு முப்பத்தாறு. தொலைபேசித் துறையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மதுரையில் வீட்டோடு இருந்த மனிதருக்கு, ஒரு வருடம் முழுக்க ஞாயிறுதோறும் நிரல் எழுதச் சொல்லிக்கொடுத்தவர் ஜெசிந்தா. அதனால் அவருக்கு ஜெசிந்தா 'டீச்சர்'. ஜெசிந்தாவுக்கு அவர் 'சார்'. டீச்சர் திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார்.

ஜெசிந்தா தொடங்கிய மென்பொருளுக்குக் குரலி என்று பெயர். கணினித் திரையில் உள்ள தமிழை வாய்விட்டு வாசிக்கும். பார்வை இல்லாதவர்கள் அதைக் கேட்டுத்தான் கணினியில் வேலை செய்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். முதலாளி என்று எவரும் கிடையாது. சேர்ந்து செய்கிறவர்கள் சேர்ந்து முடிவெடுப்பார்கள். அன்றாடக் காரியங்களுக்கு மூன்று பொறுப்பாளர்கள். ஜெசிந்தா ஒருவர், வைத்தியலிங்கம் ஒருவர், கோயம்புத்தூரில் இருக்கும் மாதவி ஒருவர்.

எல்லாமே இணையத்தில் நடக்கும் அந்தக் குழுவில் ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் காகிதம் வேண்டும். யாரையாவது குழுவிலிருந்து நீக்குவதென்றால், காரணத்தைக் கையால் எழுத வேண்டும். இரண்டு பொறுப்பாளர்கள் பேனாவால் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு அதை நீக்கப்படுகிறவருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு ஆளை வெளியே தள்ளுவது மவுஸை ஒரு தட்டுத் தட்டுகிற வேலையாக இருந்துவிடக் கூடாது என்று ஜெசிந்தா ஆரம்பத்திலேயே போட்டுவைத்த ஏற்பாடு அது. எட்டு வருடத்தில் ஒருமுறைகூட அதற்கு அவசியம் வரவில்லை.

இப்போது வந்துவிட்டது. வைத்தியலிங்கம் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அடித்தல் திருத்தல் இல்லாத மூன்று பக்கம்.

"படிச்சுப் பாருங்க டீச்சர். படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. இந்த ஆளு இனிமே குழுவுல இருக்கக் கூடாது."

ஜெசிந்தா ஒரு மடிக்கணினியின் வயிற்றைத் திறந்து விசிறியில் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"யாரு?"

"சன்னாசி. போடிநாயக்கனூர்க்காரர். பள்ளிக்கூடத்துல வரலாறு எடுக்கிறவர். பிள்ளைகளுக்கு இந்த லட்சணத்துலதான் பாடம் எடுப்பார்போல."

சன்னாசியைத் தெரியாதவர் குழுவில் இல்லை. பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆறு வருடமாகக் குரலியின் ஒவ்வொரு புதுப் பதிப்பையும் முதலில் கேட்டுப் பார்த்து, எங்கே தடுக்குகிறது என்று சொல்கிறவர். அதையெல்லாம் அப்போது நினைத்துப் பார்க்கிற நிலையில் வைத்தியலிங்கம் இல்லை. மூன்று நாளாக அவருக்குச் சரியான தூக்கம் இல்லை.

கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒரு வருடம் உழைத்து, குழுவினர் ஒருவரோடொருவர் எப்படிப் பழக வேண்டும் என்று மரியாதை விதிகள் எழுதியவர் அவர்தான். ஊர், சாதி, மதம், பால், உடற்குறை எதைக் கொண்டும் யாரையும் தாழ்த்தக் கூடாது, சாடக் கூடாது, ஏளனம் செய்யக் கூடாது என்று இருபத்திரண்டு விதிகள். நல்ல விதிகள்தாம். போன வாரம் அதற்கு வாக்கெடுப்பு நடந்தது. ஆதரித்து நாற்பத்தோரு பேர். எதிர்த்து ஒருவரும் இல்லை. அதை அறிவித்துக் குழுவினர் எல்லோருக்கும் ஒரு மடல் எழுதினார். அன்றைக்கு முழுக்க அவருக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலையில் அந்த மடலுக்கே, எல்லோரும் படிக்கும்படி சன்னாசியின் பதில் வந்தது.

வைத்தியலிங்கம் அதைக் கைப்பேசியில் எடுத்து உரக்க வாசித்தார்.

"'யோவ் வைத்தியலிங்கம்! வாசல்ல பூட்டைப் போட்டுட்டு, எவனும் உள்ள வரலைன்னு ஒப்பாரி வைக்கிறியா? வெட்கமா இல்ல? நீயெல்லாம் ஒரு மனுசனாய்யா?' பார்த்தீங்களா டீச்சர்? அத்தனை பேரு முன்னாடி! மரியாதை விதி வந்து முழுசா ஒரு நாள் ஆகல!"

"பூட்டுன்னா என்ன பூட்டு?"

"எனக்கென்ன தெரியும்? ஏதோ உளறல். ஒன்பதாவது விதி, பதினாலாவது விதி, ரெண்டையும் மீறியிருக்கார். எல்லாம் எழுதியிருக்கேன். நீங்க கையெழுத்துப் போட்டா போதும்."

ஜெசிந்தா தூரிகையைக் கீழே வைத்தார். மூன்று பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். வைத்தியலிங்கம் நாற்காலியில் உட்காராமலே நின்றார்.

"சரி. நீக்கிட்டோம்னு வைங்க. அவர் முறையிடணும்னா?"

"அதுக்கும் வழி வச்சிருக்கேனே! இருபதாவது விதி. முப்பது நாளுக்குள்ள மேல்முறையீட்டுப் பக்கத்துல போய் எழுதலாம். நான் ஒண்ணும் சர்வாதிகாரி இல்ல டீச்சர்."

"அந்தப் பக்கம் வேலை செய்யுதான்னு பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுறேன். நீங்களே சன்னாசி சாருக்காக ஒரு முறையீடு போட்டுக் காட்டுங்க."

"இப்பவா?"

"ரெண்டு நிமிஷ வேலைதானே."

மேசை மேல் இருந்த கணினியைக் காட்டினார். வைத்தியலிங்கம் உட்கார்ந்தார். திரை கறுப்பாக இருந்தது. திரையின் வயரை ஜெசிந்தா உருவிக் கையில் வைத்திருந்தார்.

"என்ன டீச்சர் இது?"

"குரலி ஓடுது சார். உங்க பிள்ளைதானே, பேசும்."

வைத்தியலிங்கம் சிரித்தார். இந்த விளையாட்டு அவருக்குப் புதிதில்லை. எண்களைத் தமிழில் தடுமாறாமல் படிக்கக் குரலிக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். எந்த விசையை அழுத்தினால் என்ன நடக்கும் என்பது அவர் விரலுக்குத் தெரியும். தட்டினார். குரலியின் பெண் குரல் பக்கத்தின் தலைப்பை வாசித்தது. மறுபடி தட்டினார். பெயர் கேட்டது, கொடுத்தார். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தார். திரை இல்லாமலே சரசரவென்று போய்க்கொண்டிருந்தார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"படம்," என்றது குரலி. "படத்துக்குப் பெயர் இல்லை. படத்தில் தெரியும் ஆறு எழுத்துகளை உள்ளிடவும். எழுதும் பெட்டி."

விரல் நின்றது.

பின்னால் போய்ப் பார்த்தார். முன்னால் வந்து பார்த்தார். "படம். படத்துக்குப் பெயர் இல்லை."

"இது என்ன சார்?" என்று கேட்டார் ஜெசிந்தா.

"அது வந்து... மூணு மாசம் முன்னாடி சூதாட்ட விளம்பரமா வந்து குவிஞ்சது இல்லையா? எல்லாம் எந்திரம் அனுப்புறது. அதைத் தடுக்க நான்தான் இந்தப் படத்தைப் போட்டேன். கோணல்மாணலா ஆறு எழுத்து இருக்கும். மனுசன்னா பார்த்து அடிச்சுட்டு உள்ள போயிடுவான்."

"அடிங்க."

"தெரிஞ்சாத்தானே அடிக்க?"

"எதையாவது அடிங்க."

ஏதோ ஆறு எழுத்தை அடித்தார். "தவறு," என்றது குரலி. மறுபடி அடித்தார். "தவறு." மூன்றாம் முறையும் அடித்தார்.

"நீங்கள் மனிதர்தான் என்பது உறுதியாகவில்லை. பதினைந்து நிமிடம் கழித்து முயலவும்."

அந்த வாக்கியத்தை நல்ல தமிழில் எழுதியவரும் வைத்தியலிங்கம்தான். ஆங்கிலத்தில் மொட்டையாக இருந்ததைப் பணிவாக மாற்றியதாக அப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். இப்போது குரலி அதை எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் சொன்னபோது முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

சட்டென்று ஜெசிந்தாவின் கையில் இருந்த வயருக்காகக் கை நீட்டினார்.

"அதைக் கொடுங்க டீச்சர். திரையைப் பார்த்தா ஒரு நொடி வேலை."

"கொடுக்கிறேன். சன்னாசி சார் எந்த வயரைச் சொருகுவார்?"

வைத்தியலிங்கம் கையை இழுத்துக்கொண்டார்.

"வாக்குப் பக்கத்துலயும் இதே படம்தானே?"

"ஆமா."

"பார்வை இல்லாதவங்க குழுவுல எத்தனை பேரு?"

"பதினோரு பேரு."

"எத்தனை பேரு வாக்குப் போட்டாங்க?"

வைத்தியலிங்கம் விசைப்பலகையைத் தள்ளி வைத்தார். ஜெசிந்தா விடவில்லை. அன்றைக்கு வைத்தியலிங்கம் எழுதிய வெற்றி மடலைத் தன் கைப்பேசியில் எடுத்து அவர் முன்னால் வைத்தார். கடைசி வரியைத் தொட்டுக் காட்டினார். 'பார்வையற்ற நண்பர்களில் ஒருவர்கூட வாக்களிக்க முன்வராதது வருத்தம் அளிக்கிறது. இனியாவது ஆர்வம் காட்ட வேண்டுகிறேன்.'

"எதிர்த்து ஒருத்தரும் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. அந்தப் பதினோரு பேருல எதிர்க்கிறவங்களும் ஆதரிக்கிறவங்களும் வெளியிலதான் நின்னாங்க சார்."

"டீச்சர், சத்தியமா நான் அதை யோசிக்கவே இல்ல."

"நானும்தான் யோசிக்கல," என்றார் ஜெசிந்தா. அவர் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "நானும் அதே பக்கத்துல போய் வாக்குப் போட்டேன். படத்தைப் பார்த்தேன், ஆறு எழுத்தை அடிச்சேன், உள்ள போனேன். கண்ணில்லாதவங்களுக்காக மென்பொருள் செய்யறோம்னு எட்டு வருஷமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறவ நான். எனக்கு உறைக்கல. நினைச்சா எனக்கே என் மேல பத்திக்கிட்டு வருது."

பிறகு வயரைச் சொருகினார் ஜெசிந்தா. வைத்தியலிங்கம் அங்கேயே உட்கார்ந்து அந்தப் படத்தைப் பிடுங்கி எறிந்தார். பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. விளம்பரத்தைத் தடுக்க வேறு ஒரு வழியும் செய்துவைத்தார். மனிதருக்கு உடனே மனசு லேசாகிவிட்டது. தப்பைத் திருத்திய ஜோரில் முகம்கூடத் தெளிந்துவிட்டது.

"இப்பவே சன்னாசியைக் கூப்பிட்டுச் சொல்லிடறேன்," என்று கைப்பேசியை எடுத்தார். டீச்சரும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தார்.

மணி அடித்து எடுத்ததும், "யாரு?" என்றார் சன்னாசி.

"நான் வைத்தியலிங்கம். அந்தப் படத்தை எடுத்துட்டேன் சார். என் கவனக்குறைவுதான். மன்னிச்சிருங்க."

"எடுத்தாச்சா? நல்லது. வாக்கெடுப்பு எப்ப?"

"எந்த வாக்கெடுப்பு?"

"விதிகளுக்குத்தான்."

"அது முடிஞ்சு போச்சே சார். நாற்பத்தோரு பேரு..."

"எங்க பதினோரு பேரை வெளிய நிறுத்திட்டு நடந்தது வாக்கெடுப்பா? உடற்குறை உள்ளவங்களை எப்படி நடத்தணும்னு அதுல நாலு விதி இருக்காம். எங்களுக்கு வேற யாரோ வாசிச்சுக் காட்டினாங்க. நாலுலயும் எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கல. 'பரிவோடு உதவ வேண்டும்'னு எழுதியிருக்கீங்களாமே? உங்க பரிவை யாரு கேட்டா? ஆறு வருசமா நான்தான் உங்களுக்கு உதவிக்கிட்டிருக்கேன்."

"மறுபடி நடத்தினா ஒரு வருச உழைப்பு சார். கொஞ்சம் புரிஞ்சுக்கோங்க."

"நடத்துவீங்களா மாட்டீங்களா?"

"அதைப் பேசலாம். அதுக்கு முன்னாடி, நீங்க அந்த வார்த்தை எழுதினீங்களே, அதுக்கு ஒரு..."

"மணி அடிச்சிருச்சு. எனக்கு வகுப்பு இருக்கு."

இணைப்பு அறுந்தது.

போன கோபம் ரெண்டு மடங்காகத் திரும்பி வந்தது வைத்தியலிங்கத்துக்கு. கைப்பேசியை மேசையில் போட்ட வேகத்தில், கழற்றி வைத்திருந்த திருகாணிகள் நாலைந்து உருண்டு கீழே விழுந்தன.

"பார்த்தீங்களா? இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டேன். என்னைவிடச் சின்னவர்கிட்டக் கேட்டேன். ஒரு 'சரி சார்' உண்டா? என் ஒரு வருசத்தைத் தூக்கிக் குப்பையில போடச் சொல்றார்!"

"குப்பையில போடல. பதினோரு பேரையும் சேர்த்துவச்சு மறுபடி எழுதுவோம். நேத்தே மாதவிக்கும் எழுதிட்டேன், அவங்களும் சரின்னுட்டாங்க. மூணுல ரெண்டு பேரு. பழைய வாக்கெடுப்பு செல்லாது சார். அது முடிஞ்ச கதை."

வைத்தியலிங்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு வருடம் போய்விட்டது. அந்த நாற்பத்தொன்று போய்விட்டது. அழுகை வரும்போல இருந்தது. அழத் தெரியாத மனிதர், அதனால் இன்னும் கோபப்பட்டார்.

"சரி. அது போகட்டும். ஆனா இதை நான் விடமாட்டேன்." மூன்று பக்கத்தையும் எடுத்து மேசையில் தட்டினார். "கோபம் யாருக்கும் வரும். அதுக்காக அப்படியா பேசறது? வாயைத் திறந்து மரியாதையா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே எடுத்திருப்பேனே! இன்னைக்குக் கால் மணி நேரத்துல எடுக்கல? சொல்ற விதம்னு ஒண்ணு இருக்குல்ல? அந்த ஒரு வார்த்தைக்கு அவர் வருத்தம் தெரிவிக்கட்டும். இந்தக் காகிதத்தை இங்கேயே கிழிச்சுப் போடறேன். இல்லேன்னா நீங்க கையெழுத்துப் போடணும்."

"மூணு நாளா நான் ஏன் உங்க போனை எடுக்கலைன்னு தெரியுமா?"

"வேலையா இருப்பீங்கன்னு நினைச்சேன்."

"படிச்சுக்கிட்டிருந்தேன். சன்னாசிங்கிற பேருல நம்ம குறைப்பெட்டிக்கு வந்த மடல் எல்லாத்தையும்."

ஜெசிந்தா கணினிப் பக்கம் திரும்பி இரண்டு விசைகளைத் தட்டினார். குரலி வாசிக்கத் தொடங்கியது.

"முதல் மடல். மதிப்புக்குரிய பொறுப்பாளர் அவர்களுக்கு, வணக்கம். போடியிலிருந்து சன்னாசி எழுதுகிறேன். புதிய உள்நுழைவுப் பக்கத்தில் ஒரு படம் வருகிறது. குரலியால் அதை வாசிக்க இயலவில்லை. தங்கள் பணிச்சுமையை அறிவேன். நேரம் கிடைக்கும்போது ஆவன செய்ய வேண்டுகிறேன். பதில். மின்னஞ்சலில் வரும் குறைகள் ஏற்கப்படுவதில்லை. பக்கத்தில் உள்நுழைந்து பதியவும். இப்படிக்கு, வைத்தியலிங்கம்."

வைத்தியலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது அவர் எழுதிவைத்திருந்த ஆயத்தப் பதில்களில் ஒன்று. தினம் ஐம்பது விளம்பரக் குப்பைக்கு நடுவே யார் மடல் வந்தாலும் முழுசாகப் படிக்காமலே அதில் ஒன்றை ஒட்டி அனுப்பிவிட்டு அடுத்ததற்குப் போவார்.

"இரண்டாம் மடல். ஐயா, வணக்கம். உள்நுழையத்தான் இயலவில்லை. அதைத்தான் தெரிவித்திருந்தேன். பதில். மின்னஞ்சலில் வரும் குறைகள் ஏற்கப்படுவதில்லை. பக்கத்தில் உள்நுழைந்து பதியவும்."

மூன்றாவதற்கும் அதே பதில். நான்காவதற்கும் அதே பதில்.

"ஐந்தாம் மடல். தொடர்ந்து தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும். வாக்கெடுப்புக்கு நான்கு நாள்களே உள்ளன. எங்கள் பதினோரு பேரின் வாக்கை மடலிலோ தொலைபேசியிலோ சொல்ல அனுமதிப்பீர்களா? பதில். விதிவிலக்கு அளிக்க இயலாது."

"டீச்சர், போதும்."

ஜெசிந்தா நிறுத்தவில்லை. ஆறாவதையும் குரலி வாசித்தது. அதில் ஒரு வேண்டுகோளும் இரண்டு வணக்கமும் இருந்தன.

"ஏழாம் மடல். இன்று கடைசி நாள். தயவுசெய்து பார்க்கவும் ஐயா. பதில். மூடப்பட்டது."

குரலி நின்றது. வைத்தியலிங்கத்தின் காது மடல் சிவந்திருந்தது. அவமானமா கோபமா என்று அவருக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் மனுஷன் மனசு லேசில் விட்டுக்கொடுக்குமா?

"தப்பு என்னுதுதான்," என்றார். "ஏழு தடவையும் என் தப்புதான். அதுக்கு அவர் கால்ல வேணும்னாலும் விழறேன். ஆனா மரியாதைன்னு ஒண்ணு இருக்கே டீச்சர். எட்டாவது தடவை அவர் பேசின விதம் தப்புத்தானே? அதை நாம சும்மா விட்டா, நாளைக்கு ஆளாளுக்கு அப்படித்தானே பேசுவாங்க?"

ஜெசிந்தா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். மூன்று பக்கக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, கடைசிப் பக்கத்தில், வைத்தியலிங்கத்தின் கையெழுத்துக்குக் கீழே பேனாவை வைத்தார்.

"மரியாதையா எழுதின ஏழுக்கும் ஒவ்வொரு வரி போட்டு மூடினீங்க. மரியாதை இல்லாம எழுதின ஒண்ணுக்கு, உட்கார்ந்து மூணு பக்கம் கையால எழுதியிருக்கீங்க. படத்தையும் எடுத்தீங்க, மன்னிப்பும் கேட்டீங்க, வாக்கெடுப்பும் மறுபடி நடக்கப்போகுது. இனிமே ஏதாவது வேணும்னா சன்னாசி சார் உங்ககிட்ட எப்படிப் பேசணும்? அதை மட்டும் சொல்லுங்க சார், கையெழுத்துப் போட்டுடறேன்."